ஐஸ் மிதந்த கோப்பை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாதம் அது. ஸ்காபரோவில் பத்தாவது மாடியில், இரண்டு அறை அப்பாட்மென்ட் ஒன்றில் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், எனக்கு மச்சாள் முறையான அவருடைய அக்கா. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சாளுக்கும் இல்லை, சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். தாய் இறந்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தது அவர்தான். தம்பி கனடாவுக்கு வந்து, இங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் செய்த முதல் வேலை அக்காவைக் கூப்பிட்டது. இரண்டாவது வேலைதான் என்னைக் கூப்பிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாருக்கு எந்த இடம் என்பது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இவருக்குக் கோடையிலேயே குரல் அடைத்திருந்தது. வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் தூசி என்றார். மச்சாள் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தார். மிளகை வறுத்துப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் வாங்கிக் குடித்துவிட்டு, "இப்ப சுகம் அக்கா" என்று கரகரத்த குரலில் சொல்வார். சுகமில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரியும். கடைசியில் நான் சண்டை பிடித்து டொக்டரிடம் கூட்டிப்போனேன். பெரிய மருத்துவமனையில் கமெரா விட்டுப் பார்த்தார்கள், ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னபோது வெளியே மரங்களில் இலை ஒன்றும் மிச்சமில்லை. நான் வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. வார நாட்களில் தினமும் நகரின் நடுவிலிருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பஸ் எடுத்து, கென்னடி ஸ்டேசனில் சப்வே ஏறிப் போவோம். முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்திருந்தார்கள். அதை முகத்தில் போட்டு, தலை அசையாமல் மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "என்னைப் பாத்து நாய் பிடிக்கிறவங்கள் மாதிரி வலையோடை வாறாங்கள்" என்றார். நான் சிரித்தேன். அந்த மனுசனோடு வாழ்ந்த காலத்தில், சிரிக்கக் கூடாத இடங்களில்தான் நான் அதிகம் சிரித்திருக்கிறேன்.

இரண்டு கிழமை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கிழமை வாய்க்குள் எல்லாம் புண்ணாகிவிட்டது. தொண்டைக்குள் தோல் உரிந்து, எச்சில் பசை போலத் திரண்டு நின்றது. கறி தாளிக்கிற மணம் வந்தாலே ஓங்காளித்தார். மச்சாள் விடவில்லை. ரசம் வைத்தார், பாற்கஞ்சி வைத்தார், இடியப்பத்தைச் சொதியில் கரைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் உள்ளே இறங்கும்போது நெருப்பை விழுங்குவது போல இருக்கும் என்று இவர் என்னிடம் மட்டும் சொன்னார். அக்கா பக்கத்தில் நின்றால் நாலு கரண்டி குடிப்பார். குடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, குடித்ததையெல்லாம் சத்தி எடுப்பார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. மச்சாளுக்குக் கேட்டதோ தெரியாது, எனக்குக் கேட்கும்.

கிழமைக்கு ஒருமுறை மருத்துவமனையில் நிறை பார்ப்பார்கள். ஒவ்வொரு கிழமையும் இறங்கிக்கொண்டே போனது. சாப்பாட்டு விசயங்களைப் பார்க்கும் இளம்பெண் ஒருத்தி எங்களை இருத்தி, மிகவும் அன்பாகத்தான் சொன்னாள். இன்னும் நிறை குறைந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து, அதன் வழியாகத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். உடம்பு தாங்காவிட்டால் சிகிச்சையையும் இடையில் நிறுத்த வேண்டி வரும். கதிரையின் கையைப் பிடித்திருந்த இவருடைய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

சப்வேயில் திரும்பி வரும்போது எனக்குக் கேட்கும்படி குனிந்து சொன்னார்.

"எங்கடை ஐயாவுக்கு யாழ்ப்பாணத்திலை குழாய் போட்டவங்கள். பிறகு ஆள் வீட்டை வரேல்லை. எனக்குக் குழாய் வேண்டாம்."

"அப்ப சாப்பிடுங்கோவன்" என்றேன். கோபம்தான். பயத்தைக் கோபமாக்கித்தானே எனக்குப் பேசத் தெரியும்.

பிறகு, "ஒண்டு மட்டும் விழுங்கலாம் போலை கிடக்கு" என்றார்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் இவர் புளோர் வீதியில் ஒரு கொரியன் ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவியவர். ஊரில் வாத்தியாராக இருந்தவரும் வங்கியில் இருந்தவரும் இங்கே வந்து கோப்பை கழுவிய காலம் அது. கோடையில் அடுக்களைக்குள் நிற்க முடியாத வெக்கையாம். அப்போது சமையல்காரர் வேலை செய்பவர்களுக்குப் பெரிய எவர்சில்வர் கோப்பையில் நூடில்ஸ் கொடுப்பாராம். கரும்பழுப்பு நிறத்தில் மெல்லிய நூடில்ஸ். சூடே இல்லை. மேலே ஐஸ்கட்டி மிதக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது தொண்டையிலிருந்து வயிறுவரை குளிர்ந்துகொண்டே போகுமாம். சொல்லும்போதே எச்சிலை விழுங்கப் பார்த்தார். வலியில் கண் மூடிக்கொண்டது.

"அது என்ன இறைச்சி அவிச்ச தண்ணி?" என்று கேட்டேன். நாங்கள் மாடு சாப்பிடாத ஆட்கள். இவர் கனடாவில் ஒருநாளும் மாடு தொட்டதில்லை என்று என்னிடமும் சத்தியம் செய்திருந்தார், அக்காவிடமும் சத்தியம் செய்திருந்தார்.

"நான் கேக்கேல்லை" என்றார். "அவங்களும் சொல்லேல்லை."

அடுத்த நாள் சிகிச்சை முடிந்ததும் வீட்டுக்குப் போகும் பக்கம் ஏறாமல், மற்றப் பக்கம் ஏறினோம். கிறிஸ்டி ஸ்டேசனில் இறங்கி மேலே வந்தால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைப் பலகைகளில் எல்லாம் வட்டமும் கோடுமாக ஒன்றும் விளங்காத எழுத்து. இவர் வேலை செய்த இடத்தில் இப்போது செருப்பு, சப்பாத்து விற்கிற கடை இருந்தது. அந்தச் சாப்பாட்டின் பெயரும் இவருக்கு நினைவில்லை. குளிர் நூடில்ஸ், ஐஸ் போட்டது என்று நான் என் ஆங்கிலத்தில் கேட்டேன். முதல் கடையில் கொதிக்கக் கொதிக்க ஒரு சூப்பைக் காட்டினார்கள். அடுத்த கடையில் இருந்த மனிதர் யன்னலுக்கு வெளியே பனியைக் காட்டிச் சிரித்தார். கோடைக்குத்தான் அது, ஜூனில் வாருங்கள் என்றார். ஜூனில் வாருங்கள் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இவர் களைத்துப் போயிருந்தார். போவோம் என்றார். இன்னும் ஒரு கடை பார்ப்போம் என்று நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஒரு பக்கத் தெருவின் மூலையில், நீராவிப் புகார் படிந்த யன்னலோடு சின்னக் கடை ஒன்று இருந்தது. நாலைந்து மேசை இருக்கும். என் வயதில் ஒரு பெண் ஏப்ரனோடு வந்தாள். நான் கேட்டதும் அவள் வெளியே பனியைப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. இருக்கிறது என்றாள். இவரைப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி வெந்து கறுத்துப்போயிருந்த தோலைப் பார்த்தாள். பிறகு எங்களை ஹீட்டருக்குப் பக்கத்து மேசையில் இருத்தினாள்.

அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே மாதிரித்தான், அதனால் எங்களுக்குள் கரைச்சல் இல்லை. தன்னுடைய அம்மா கொரியாவின் வடக்கிலிருந்து வந்தவர் என்றாள். அங்கே இது பனிக்காலத்துச் சாப்பாடாம். தெற்கில் இருப்பவர்கள்தான் கோடைக்கு மாற்றிவிட்டார்களாம். அதனால் தன் கடையில் வருடம் முழுவதும் இருக்கும் என்றாள்.

இவர் கரகரத்த குரலில், "நானும் வடக்குத்தான். இலங்கையிலை வடக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அங்கேயும் சண்டையா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினார். திரும்பிப் போக முடியுமா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். அம்மாவும் போகவில்லை என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நான் பின்னால் போய் மாட்டிறைச்சி விசயத்தைச் சொன்னேன். வழக்கமாக மாட்டெலும்பு அவித்த தண்ணீர்தானாம். இவருடைய பழைய சத்தியம் அந்த இடத்தில் போய்விட்டது. ஆனால் அவள் முகம் கோணவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து பெரிய போத்தல் ஒன்றைக் காட்டினாள். முள்ளங்கியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்தது. வடக்கில் இந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுவார்களாம். புண்ணில் எரியாமல் இருக்க, அதில் பாதிக்குக் குளிர்ந்த தண்ணீர் கலந்தாள். கடுகும் வினாகிரியும் வேண்டாம் என்று தானாகவே ஒதுக்கி வைத்தாள்.

கோப்பை வந்தது. ஐஸ் மிதந்தது. இவர் ஒரு கவளம் எடுத்தார். நூடில்ஸ் நீளம், அறுபடாமல் தொண்டைக்குள் இழுபட்டுப் புரையேறிவிட்டது. கண்ணால் தண்ணீர் வழிய மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். பக்கத்து மேசையில் இறைச்சி வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று கிடந்தது. அதைக் காட்டி, வெட்டித் தா என்று சைகை செய்தேன்.

அவள் உடனே வெட்டவில்லை. என்னைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். பிறகு கோப்பையையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்று வெட்டினாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பும் கேட்டது. நல்ல சாப்பாட்டைப் பழுதாக்குகிறோம் என்று திட்டுகிறாள் போலும் என்று நினைத்தேன். திட்டினால் திட்டட்டும். எனக்கு வேண்டியது இவர் விழுங்குவது.

அரிசிமணி அளவுக்கு நறுக்கிக் கொண்டுவந்தாள். இவர் கரண்டியால் கொஞ்சம் அள்ளி வாயில் வைத்தார். விழுங்கினார். வலி வரும் என்று முகத்தைச் சுளித்தபடி காத்திருந்தார். வரவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார். மூன்றாவது கரண்டியில் அழத் தொடங்கினார். அழுதுகொண்டே சாப்பிட்டார். தண்ணீரையும் கோப்பையோடு தூக்கிக் குடித்து முடித்தார். அடுக்களை வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சிகிச்சை முடிகிற ஒவ்வொரு நாளும் அங்கேதான் போனோம். எங்களைக் கண்டதும் அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவாள். முதுகு தெரியும். முணுமுணுப்புக் கேட்கும். அவித்த முட்டையை மசித்துக் கரைத்துவிடவும், பியர்ஸ் பழத்தைத் துருவிச் சேர்க்கவும் அவளே கண்டுபிடித்தாள். நிறை இறங்குவது நின்றது. குழாய்ப் பேச்சை மருத்துவமனையில் எடுக்கவில்லை. பனிக்காலத்தில் ரொறன்ரோவில் கொரியன் குளிர் நூடில்ஸ் எங்கே கிடைக்கும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், அந்த வருடம் அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே யாழ்ப்பாணத்துப் பெண் நானாகத்தான் இருந்திருப்பேன்.

மச்சாளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். காய்ச்சல்காரனுக்குத் தலை முழுகவே விடாத ஆட்கள் நாங்கள். சளி, தடிமன் பிடித்தால் தயிரைக் கண்ணிலும் காட்டமாட்டார்கள். அப்படியிருக்க, பனி கொட்டுகிற நாளில், சாகக் கிடந்து எழும்புகிற ஒருவனுக்கு ஐஸ் போட்ட சாப்பாடு. ஆனால் இவருக்கு அக்காவிடம் எதையும் மறைத்து வைக்கத் தெரியாது, மாட்டெலும்புத் தண்ணியைத் தவிர. ஒருநாள் ரசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மச்சாள் தம்பியை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"வருத்தக்காரனுக்கு ஐஸ் குடுக்கிறதே பிள்ளை? நெஞ்சிலை இறங்கினா என்ன செய்வாய்?"

"வேறை ஒண்டும் இறங்குதில்லை மச்சாள். குழாய் போடப் பாத்தவங்கள்."

"போட்டிருந்தாலும் சூட்டோடை குடுத்திருப்பாங்கள்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரசம் வைப்பதையும் நிறுத்தவில்லை. தினமும் வைத்து, தினமும் ஆறவிட்டு, தினமும் தானே குடித்தார்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு சிகிச்சையும் முடிந்தது. ஒரு மாதம் நன்றாக இருந்தார். குரல் கொஞ்சம் தெளிந்தது. புட்டை மசித்துச் சாப்பிடும் அளவுக்கு வந்தார். அக்காவின் ரசத்தையும் ஒருநாள் முழுதாகக் குடித்தார், மச்சாள் சாமி அறைக்குப் போய் அழுதார். நாங்கள் தப்பிவிட்டோம் என்று நான் நினைத்தேன். வேலைக்குத் திரும்பப் போவது பற்றிக்கூட இவர் பேசத் தொடங்கியிருந்தார்.

பிறகு இருமல் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டியிருந்தது. புற்றுநோய் நுரையீரலுக்குப் போய்விட்டது, இனிச் செய்ய அதிகமில்லை என்றார்கள்.

மச்சாளுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது. தண்ணீர். அன்றைக்கு அடுக்களையில் என் முகத்தைப் பார்க்காமல், பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நான் அண்டைக்கே சொன்னனான். குளிர் நெஞ்சிலை இறங்கீட்டுது."

என் வாழ்க்கையில் என்னை யாரும் அடித்ததில்லை. அடித்தால் எப்படியிருக்கும் என்று அந்த நிமிடம் தெரிந்தது. டொக்டரிடம் போய்க் கேட்டேன். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் சிகிச்சையையே முடித்திருக்க முடியாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அதை வந்து மச்சாளுக்குச் சொன்னேன். அவர் ரசத்துக்கு மிளகு தட்டத் தொடங்கினார். டொக்டர் சொன்னது என் மூளைக்கு விளங்கியது. ஆனால் பக்கத்தில் படுத்திருந்து இவருடைய நெஞ்சு கரகரவென்று இழுப்பதைக் கேட்கும்போது, அந்த ஐஸ்கட்டிகள்தான் உள்ளே கிடந்து இடிபடுகின்றன என்று தோன்றும். நானே கொண்டுபோய், நானே இருத்தி, நானே குடிக்க வைத்தேன் என்று தோன்றும். அக்கா தம்பியைக் கவனித்தார், நான் இவரைக் கவனித்தேன். நாங்கள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

மருத்துவமனையில் கடைசிக் கிழமை இவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஐஸ்துண்டை உதட்டில் வைத்தால் உறிஞ்சுவார். மச்சாள் வெளியே போயிருந்த ஒரு நேரம், என்னைக் கையால் கூப்பிட்டார்.

"அக்கா சொல்லுறதை மனசிலை வைச்சிருக்காதையும். நான் கேட்டுத்தானே வாங்கித் தந்தனீர்."

அதற்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாக ஒன்றும் பேசவில்லை. பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நாட்களில் போய்விட்டார்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது, யார் சாப்பிட்டார்களோ தெரியாது. எட்டாம் நாள் எட்டுச்செலவு. வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அன்றைக்கு இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டது எல்லாவற்றையும் சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் இலையில் படைப்போம். படைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது நம்பிக்கை.

காலையிலேயே மச்சாள் அடுப்படிக்கு வந்துவிட்டார். உறவுக்காரப் பெண்கள் உதவிக்கு நின்றார்கள். ஆட்டிறைச்சிக் கறி, மீன் பொரியல், நண்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, புட்டு. ஒவ்வொன்றையும் இறக்கி வைக்கும்போது, உது அவனுக்கு விருப்பம், உதுவும் விருப்பம் என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூலையில் இருந்தேன். எனக்கு ஒரு வேலையும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் போல மச்சாள் அகப்பையை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எங்கை உன்ரை குளிர்ச் சாப்பாடு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கடைசியா அவன் விரும்பிச் சாப்பிட்டது உந்தக் கறியளே? உதை வைக்காமல் என்னெண்டு படைக்கிறது? போய் வாங்கிக்கொண்டு வா."

உதவிக்கு நின்ற ஒரு அன்ரி, எட்டு முடியமுதல் பெண்சாதிக்காரி வெளியிலே போகக்கூடாது, கார் வைத்திருக்கும் யாரையாவது அனுப்பலாம் என்றார். மச்சாள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "உவளுக்குத்தான் கடை தெரியும்" என்று சொல்லிவிட்டு என்னுடைய குளிர் கோட்டை எடுத்து வந்து தோளில் போட்டார். கழுத்துவரை பொத்தான் பூட்டிவிட்டார். அந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

தனியாக அந்த வழியால் போனேன். அதே பஸ், அதே சப்வே. மருத்துவமனைக்கு இறங்கும் ஸ்டேசனில் கால் தானாக எழும்பப் பார்த்தது. கடைக்குள் போனதும் அவள் என்னைக் கண்டு முகம் மலர்ந்தாள். எத்தனை கிழமையாகக் காணவில்லை என்று கைவிரலை ஆட்டிச் செல்லமாகக் கோபித்தாள். பழக்கத்தில் கை கத்தரிக்கோலுக்குப் போனது. எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். இவர் வரவில்லை. என் நெற்றியைப் பார்த்தாள். பொட்டு வைத்த என்னைத்தானே அவள் கண்டிருக்கிறாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்காது, ஆனாலும் முகம் மாறியது.

இவர் போய்விட்டார், இன்றைக்குச் சாமிக்கு வைப்பது போல அவருக்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் கூட நாலு தரம் விளங்கப்படுத்த வேண்டிய விசயம். அவள் ஒருமுறையில் விளங்கிக்கொண்டாள். தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தாங்களும் இப்படி வைப்பதுண்டு என்றாள்.

உள்ளே போய் நூடில்ஸை அவித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, பந்தாகச் சுற்றி ஒரு பெட்டியில் வைத்தாள். முள்ளங்கித் தண்ணீரை இந்த முறை ஒன்றும் கலக்காமல் போத்தலில் ஊற்றினாள். பக்கத்தில் ஐஸ் கட்டினாள். கடுகும் வினாகிரியும் தனித்தனியாக வைத்தாள். பெட்டியை மூடப் போனபோது, வெட்ட மறந்துவிட்டாள் என்று நினைத்து, கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவர்களுடைய நாட்டில் நூடில்ஸ் நீளமாக இருந்தால் ஆயுள் நீளம் என்று நம்புவார்களாம். சாகப் பிழைக்கக் கிடக்கிறவனுடைய நூடில்ஸை யாராவது வெட்டுவார்களா? ஆனால் வெட்டாவிட்டால் இவருக்கு இறங்காது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு முதுகைக் காட்டி, இதைக் கணக்கில் எடுக்காதே, இந்த மனிதனை வைத்திரு என்று தன் செத்துப்போன அம்மாவிடம் கேட்டுக்கொண்டே வெட்டினாளாம். அந்த முணுமுணுப்பு அதுதான். அவள் இதையெல்லாம் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களில் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.

பெட்டியை மூடி என் கையில் தந்துவிட்டு, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இப்போது இங்கே நோகாது. வெட்ட வேண்டாம்."

நான் அந்தக் கடையின் நடுவில் நின்று அழுதேன். இவர் போன நாளிலிருந்து எனக்கு அழுகை வந்திருக்கவில்லை. அவள் என்னை அணைக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கதவில் தொங்கிய அட்டையை மூடப்பட்டது என்று திருப்பிப் போட்டுவிட்டு, நான் முடிக்கும்வரை பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

சப்வேயில் பையை மடியில் வைத்திருந்தேன். ஐஸின் குளிர் கோட்டைத் தாண்டி, சீலையைத் தாண்டித் தொடையில் ஏறியது. விலக்கி வைக்கவில்லை.

வீட்டில் எவர்சில்வர் கோப்பை ஒன்றைத் தேடி எடுத்து, மச்சாள்தான் நூடில்ஸை அதில் வைத்தார். வெட்டவில்லையோ என்று கேட்டார். கடைக்காரி சொன்னதைச் சொன்னேன். மச்சாள் போத்தலைத் திறந்து தண்ணீரை ஊற்றி, மிச்சமிருந்த ஐஸைக் கையாலேயே அள்ளி மேலே போட்டார். ஆட்டிறைச்சியையும் நண்டையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, கோப்பையைப் படத்துக்கு நேரே நடுவில் வைத்தார்.

விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மச்சாள் கதவோடு சாய்ந்து நின்றார். என் கையைப் பிடித்திருந்தார். ஐஸ் தொட்ட கை, சில்லென்று இருந்தது. கதவைத் திறந்தபோது ஐஸ் எல்லாம் கரைந்து, நூடில்ஸ் நீளம் நீளமாகத் தண்ணீருக்குள் கிடந்தது.

அந்தக் கடை பிறகு மூடிவிட்டது. அவள் பெயரை நான் கேட்டதே இல்லை. இவருடைய ஆயுளுக்காக ஸ்காபரோக் கோயில்களில் எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ பேர் அர்ச்சனை செய்தார்கள், அவர்கள் எல்லாருக்கும் நான் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் தன் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அந்த முதுகுதான், மனிதரை நம்புவதா வேண்டாமா என்று எனக்குச் சந்தேகம் வரும் ஒவ்வொரு முறையும் இன்றைக்கும் என் கண்முன்னால் வந்து நிற்கிறது.